நானூறு கிராம் சர்க்கரை

எங்கள் ஐஸ்கிரீம் கடைக்குப் பெயர்ப் பலகை கிடையாது. வைக்கக் கூடாது என்று உத்தரவு. வாசலுக்கு மேலே கல்லில் செதுக்கியிருக்கும் பழைய பெயர்தான் இருக்க வேண்டும், அதை ஒரு துணிகூட மறைக்கக் கூடாது. அந்தப் பெயர், 'எடை அளவு சரிபார்ப்பு அலுவலகம்'. நூற்றுப்பத்து வருடங்களுக்கு முன்னால் ஊரிலிருந்த வியாபாரிகள் எல்லாரும் தராசையும் படிக்கல்லையும் தூக்கிக்கொண்டு வந்து இங்கே வரிசையில் நிற்பார்களாம். கல் சரியாக இருந்தால் முத்திரை குத்துவார்கள், இல்லாவிட்டால் பிடுங்கி வைத்துக்கொள்வார்கள். அப்படிப்பட்ட இடத்தில், வாழ்நாளில் ஒரு பொருளையும் அளந்து போட்டறியாத ஒரு குடும்பம் கடை போட்டது. அந்தக் குடும்பத்துக்கு நான் மருமகள்.

இடத்தைப் பிடித்தவர் மாமனார். ஓட்டுநர் பயிற்சிப் பள்ளியில் முப்பது வருடம் கார் ஓட்டச் சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்றவர். அடுத்தவர் ஓட்டும்போது பக்கத்து சீட்டில் உட்கார்ந்து பிரேக்கில் கால் வைத்தே பழகியவர், வீட்டிலும் அதே சீட்டில்தான் உட்கார்ந்திருக்கிறார். சும்மா கிடந்த அந்தக் கட்டடத்தைக் கடைக்கு விடப்போகிறார்கள் என்று எங்கேயோ கேள்விப்பட்டு, யாரையும் கலந்துகொள்ளாமல் விண்ணப்பம் போட்டுவிட்டு வந்து, குடும்பமாகச் சேர்ந்து ஐஸ்கிரீம் கடை நடத்தப்போகிறோம் என்று அறிவித்தார். குடும்பத்தில் ஐஸ்கிரீம் செய்யத் தெரிந்தவள் நான் ஒருத்திதான். அதனாலோ என்னவோ, என்னிடம் கடைசியாகச் சொன்னார்கள்.

நான் ஒரு பால் தொழிற்சாலையின் ஆய்வுக்கூடத்தில் பன்னிரண்டு வருடமாக வேலை பார்க்கிறவள். ஐஸ்கிரீம் கலவையில் கொழுப்பு எவ்வளவு, சர்க்கரை எவ்வளவு என்று சோதித்துக் கையெழுத்துப் போடுவது என் பொறுப்பு. அது இல்லாமல் ஒரு வண்டி வாசலைத் தாண்டாது. அரை சதவீதம் கூடிப்போனதற்காக முழுத் தொட்டியையும் திருப்பி அனுப்பியிருக்கிறேன். அங்கே என் முதுகுக்குப் பின்னால் என்னைக் 'கறார் கம்பெனி' என்று கூப்பிடுவார்கள். தெரியாத மாதிரி இருந்துகொள்வேன், உள்ளுக்குள் பெருமைதான்.

கடை வேலைக்காக மூன்று மாதம் சம்பளமில்லாத விடுப்பு எடுத்திருந்தேன். கடை திறப்பு ஞாயிற்றுக்கிழமை மாலை நாலு மணிக்கு. மறுநாள் திங்கட்கிழமை காலை எட்டு மணிக்கு நான் ஆய்வுக்கூடத்தில் நிற்க வேண்டும், இல்லாவிட்டால் ராஜினாமா. இரண்டில் ஒன்று. என் வீட்டுக்காரர் ராஜினாமாக் கடிதத்தை எனக்காக அழகாக டைப் அடித்தே வைத்துவிட்டார். கையெழுத்துப் போடும் சிரமம் மட்டும்தான் எனக்கு மிச்சம்.

அதில் கையெழுத்துப் போட எனக்குப் பயமாக இருந்தது. காரணம், இந்தக் குடும்பத்தின் கைகள். இங்கே அடுப்பில் எது கொதித்தாலும், அந்தப் பக்கம் போகிறவர் வருகிறவர் ஒவ்வொருவரும் மூடியைத் திறந்து உப்போ சர்க்கரையோ கொஞ்சம் போட்டுவிட்டுத்தான் நகர்வார்கள். ருசி பார்க்கும் வழக்கமெல்லாம் கிடையாது. மற்றவர் கம்மியாகத்தான் போட்டிருப்பார் என்பது இவர்களுக்குப் பிறக்கும்போதே தெரிந்திருக்கிறது. கல்யாணமான முதல் வாரத்தில் நான் போட்ட டீயை நானே ஒரு வாய் குடித்துவிட்டு, இது என்ன பாகு என்று கேட்டேன். அன்றைக்கு அதில் நாலு பேர் சர்க்கரை போட்டிருந்தார்கள். கேட்டால் பாசம் என்பார்கள்.

ஆகவே நான் ஒரே ஒரு நிபந்தனை வைத்தேன். கலவை அறை என்னுடையது, என்னைத் தவிர யாரும் எதையும் தொடக் கூடாது. அந்தச் சொல்லைக் காப்பாற்றினால் ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் கையெழுத்துப் போடுகிறேன், இல்லையென்றால் திங்கட்கிழமை காலை பஸ் ஏறிவிடுவேன் என்றேன். மாமனார், மாமியார், என் வீட்டுக்காரர், நாத்தனார் நாலு பேரும் சத்தியம் செய்தார்கள். நாத்தனாருக்குக் கல்யாணமாகி இரண்டு தெரு தள்ளி வீடு இருக்கிறது, தூங்க மட்டும் அங்கே போவாள். மாமியார் எல்லாரையும்விட ஒருபடி மேலே போனார்.

"அந்த ரூம் பக்கம் தலை வெச்சுக்கூடப் படுக்க மாட்டோம், போதுமா?"

போதாது என்று தோன்றியது. கதவுக்கு ஒரு பூட்டுப் போட்டுவிடலாம் என்று முடிவு செய்தேன். அங்கேதான் 'தொடாதீங்க' சார் குறுக்கே வந்தார்.

பழைய கட்டடங்களைப் பாதுகாக்கும் துறையிலிருந்து எங்களுக்கென்றே அனுப்பப்பட்ட அதிகாரி அவர். மூன்று மாதத்தில் அவர் வாயிலிருந்து நாங்கள் அதிகம் கேட்ட வார்த்தையையே அவருக்குப் பெயராக வைத்துவிட்டோம். சுவரில் ஆணி அடிக்கக் கூடாது. தரையில் கனமான எதையும் இழுக்கக் கூடாது. கூடத்துச் சுவரில் பித்தளையில் பதித்திருக்கும் பழைய அளவுகோலின் மேல் யாரும் சாயக் கூடாது. பழைய ஒயர் தாங்காதாம், அதனால் பால் காய்ச்சும் மின்னடுப்பையும் ஐஸ்கிரீமைக் கடைகிற மெஷினையும் ஒரே நேரத்தில் போடக் கூடாது. கலவை அறைக் கதவு தேக்கு, அதில் தாழ்ப்பாள்கூட அந்தக் காலத்தது. துளை போட்டுப் புதுப் பூட்டு மாட்டுகிறேன் என்று நான் சொன்னதும், என்னவோ அவருடைய நெஞ்சிலேயே துளை போடப்போகிற மாதிரி பின்வாங்கினார். பழைய பூட்டுக்குச் சாவி இல்லையா என்று கேட்டேன். இருக்கிறதாம், அருங்காட்சியகத்தில் கண்ணாடிப் பெட்டிக்குள் இருக்கிறதாம். எனவே என் கலவை அறைக்குக் காவல் இந்தக் குடும்பத்தின் சத்தியம் ஒன்றுதான்.

சனிக்கிழமை மத்தியானம் பாலைக் காய்ச்சினேன். நாற்பத்தைந்து லிட்டர் தொட்டிக்கு ஏழு கிலோ சர்க்கரை. எல்லாரையும் கூப்பிட்டு வைத்து, அவர்கள் கண் முன்னாலேயே தராசில் நிறுத்துப் போட்டேன். இருபத்தைந்து கிலோ மூட்டையில் மீதி பதினெட்டு. ஏழு கிலோதானா என்று மாமியார் கேட்டார். ஏழு கிலோதான் என்றேன். தொட்டி எவ்வளவு பெரிசு என்றார். அளவு சரிதான் அத்தை என்றேன். அவர் என் வீட்டுக்காரரைப் பார்த்தார், அவர் தங்கையைப் பார்த்தார், அவள் அப்பாவைப் பார்த்தாள். இந்தக் கஞ்சப் பிசினாறி வீட்டிலிருந்தா பெண் எடுத்தோம் என்று நாலு பேர் முகத்திலும் எழுதியிருந்தது. யாரும் வாயைத் திறக்கவில்லை, சத்தியமாயிற்றே. சாயங்காலம் கலவையை ஆறவைத்துக் குளிர்த்தொட்டியில் ஊற்றினேன். அது ஓர் இரவு அப்படியே குளிர்ந்து கிடந்தால்தான் மறுநாள் நன்றாகக் கடைய வரும். மூடியைப் போட்டுவிட்டு வெளியே வந்து, மேசை துடைக்கிற வேலையில் இறங்கினேன்.

ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்கு முதல் பங்கை மெஷினில் விட்டேன். பத்து நிமிடத்தில் கெட்டியாகி வழுவழுவென்று இறங்க வேண்டும். இருபது நிமிடம் ஆயிற்று. திறந்து பார்த்தால் உள்ளே கஞ்சி மாதிரி சுற்றிக்கொண்டிருக்கிறது. என் வீட்டுக்காரர் குளிர்பதன மெக்கானிக், மெஷின் அவர் பார்த்து வாங்கியது. இன்னும் பத்து நிமிடம் பார்த்துவிட்டு, உங்கள் மெஷின் குளிரவில்லை என்றேன். அவர் ஸ்க்ரூ டிரைவரை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தார். பக்கத் தகட்டைக் கழற்றினார், மின்விசிறியைத் துடைத்தார், குழாயைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தார், எல்லாவற்றையும் திரும்ப மாட்டினார். இதற்கே ஒன்றேகால் மணி நேரம் போய்விட்டது. இரண்டாவது பங்கு அதைவிட மோசமாக வந்தது.

அப்போதுதான் எனக்குப் பொறி தட்டியது. பையிலிருந்து சர்க்கரை பார்க்கும் சின்னக் குழாயை எடுத்தேன். அதன் கண்ணாடியில் ஒரு சொட்டு விட்டு வெளிச்சத்தில் பார்த்தால் சர்க்கரை எந்தக் கோட்டில் நிற்கிறது என்று தெரிந்துவிடும். கோடு நிற்க வேண்டிய இடத்திலிருந்து எங்கேயோ மேலே போய் நின்றது. சர்க்கரை கூடினால் கலவை உறையாது, எவ்வளவு குளிரவைத்தாலும் கூழாகத்தான் கிடக்கும். மூட்டையைத் தராசில் ஏற்றினேன். பதினெட்டு இருக்க வேண்டிய இடத்தில் பதின்மூன்று கிலோ அறுநூறு கிராம் காட்டியது.

நாலு பேரையும் கூடத்துக்குக் கூப்பிட்டேன். அந்தக் காலத்தில் வியாபாரிகள் உட்கார்ந்து காத்திருந்த கல் பெஞ்சில் வரிசையாக உட்கார்ந்தார்கள். நாலு கிலோ நானூறு கிராம் எங்கே போயிற்று என்று கேட்டேன்.

முகத்தில் ஈயாடவில்லை. முதலில் நாத்தனார் அழ ஆரம்பித்தாள். சனிக்கிழமை வீட்டுக்குப் போகும்போது செருப்பை எடுக்க உள்ளே போனாளாம், மூட்டை அங்கேதான் திறந்திருந்ததாம், ஒரு கிண்ணம் போட்டாளாம். செருப்பு எதற்குக் கலவை அறையில் இருந்தது என்று நான் கேட்கவில்லை. மாமியார் அழவெல்லாம் இல்லை. முதல் நாளே கடைக்கு வருகிறவர்கள் சப்பென்று இருக்கிறது என்று சொல்லிவிட்டால் மருமகள் பெயர்தானே கெடும் என்ற கவலையில் இரண்டு டம்ளர் போட்டாராம். ருசி பார்த்தீர்களா என்று கேட்டேன்.

"எதுக்குப் பாக்கணும்? நீ கம்மியாத்தான் போடுவேன்னு எனக்குத் தெரியாதா?"

மாமனார் தொண்டையைக் கனைத்துக்கொண்டார். எந்த வேலையிலும் ஒரு பாதுகாப்புக்கு இரண்டாவது ஆள் கால் வைத்திருக்க வேண்டும் என்பது அவருடைய முப்பது வருட அனுபவமாம். மிச்சமிருந்தவர் என் வீட்டுக்காரர். கையில் இன்னும் ஸ்க்ரூ டிரைவர் இருந்தது. ஒன்றேகால் மணி நேரம் அந்த மெஷினை அக்கக்காகப் பிரித்து மாட்டிய மனிதர், அது ஏன் உறையவில்லை என்று தெரிந்தே பிரித்திருக்கிறார்.

"எல்லாரும் போட்டிருப்பாங்கன்னு எனக்கு எப்படித் தெரியும்? நான் ஒருத்தன் போட்டா என்ன ஆயிடப்போவுதுன்னு நெனச்சேன்" என்றார்.

மற்ற மூன்று பேர் மேல் வந்தது கோபம். இவர் மேல் வந்தது கோபமில்லை, துக்கம். என் பக்கம் ஒருவராவது இருக்கிறார் என்று பதினோரு வருடமாக நம்பிக்கொண்டிருந்தேன். திங்கட்கிழமை காலை பஸ் ஏழேகாலுக்கு என்பது அப்போதே மனதுக்குள் ஓட ஆரம்பித்துவிட்டது.

ஆனால் நான் கறார் கம்பெனி. அழுவதற்கு முன்னால் நிறுத்துப் பார்க்க வேண்டும். ஆளுக்கு எவ்வளவு போட்டீர்கள், போட்டது போலவே ஒரு தடவை அள்ளிக் காட்டுங்கள் என்று நாலு பேரையும் தராசுக்கு முன்னால் நிறுத்தினேன். மாமியார் ஆயிரத்து இருநூறு கிராம். நாத்தனார் எண்ணூறு. மாமனாரும் மகனும் வஞ்சனையில்லாமல் தலைக்கு ஒரு கிலோ. கூட்டினால் நாலு கிலோ. நானூறு கிராம் இடித்தது.

அது போதாதா. நீதான் இரண்டாவது தடவை போனாய், இல்லை நீங்கள்தான் போனீர்கள் என்று கல் பெஞ்சில் சண்டை மூண்டது. நாலு கிலோவுக்கு வெட்கப்படாத குடும்பம், நானூறு கிராமுக்கு மானத்தைக் காப்பாற்றப் புறப்பட்டது. கடைசியில் மூன்று விரல்கள் மாமனாரை நோக்கி நீண்டன. அவர் இல்லவே இல்லை என்று சாதித்தார். மாமியார் விடவில்லை, சின்ன வயதிலிருந்தே அவருக்கு மறதி என்றார். அவரைச் சின்ன வயதில் மாமியார் பார்த்ததே இல்லை.

மணி பன்னிரண்டரை. கலவையைக் காப்பாற்ற ஒரே வழிதான் இருந்தது. பாதியை வெளியே எடுத்து, மீதியில் சர்க்கரை போடாத பாலையும் க்ரீமையும் காய்ச்சிச் சேர்த்துத் திரும்பக் குளிரவைக்க வேண்டும். அடுப்பையும் மெஷினையும் ஒன்றாகப் போட முடியாது. எப்படித் தலைகீழாக நின்றாலும் ஆறரை மணிக்கு முன்னால் ஒரு கரண்டி ஐஸ்கிரீம் வராது. நாலு மணிக்கு வாசலில் கூட்டம் நிற்கும்.

கூட்டம் மூன்றே முக்காலுக்கே நின்றது. ரிப்பன் வெட்டத் 'தொடாதீங்க' சாரைத்தான் கூப்பிட்டிருந்தோம். ரிப்பனைத் தூணில் கட்டக் கூடாது என்று அவரே சொல்லிவிட்டதால், நாத்தனாரும் என் வீட்டுக்காரரும் ஆளுக்கொரு முனையைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். வெட்டியாயிற்று, கை தட்டியாயிற்று. ஐஸ்கிரீம் எங்கே என்று ஜனம் கேட்டது. மாமனார் முன்னால் வந்து, வெளியே எடுத்த அந்தப் பாதிக் கூழைக் கிண்ணம் கிண்ணமாக ஊற்றிக் கொடுக்க ஆரம்பித்தார். இந்தக் கட்டடம் கட்டிய காலத்தில் ஐஸ்கிரீமைக் குடிக்கத்தான் செய்தார்களாம், கட்டடத்துக்கு மரியாதையாக முதல் நாள் மட்டும் அந்த முறையாம். நான் அடுப்படியில் நின்றபடி கேட்டுக்கொண்டிருந்தேன். காதில் பூ சுற்றுவதற்கு ஓர் எல்லை வேண்டாமா? அதிகாரி கைப்பையிலிருந்து குறிப்பேட்டை எடுத்து, இதற்கு எழுத்தில் ஆதாரம் இருக்கிறதா என்று கேட்டார். தேடிக் கொடுக்கிறேன் என்றார் மாமனார். அதிகாரி குறித்துக்கொண்டார், பிறகு மூன்று கிண்ணம் குடித்தார்.

ஆறரை மணிக்கு உண்மையான ஐஸ்கிரீம் வந்தது. பன்னிரண்டு வருட அனுபவம், மூன்று மாத உழைப்பு, உருண்டை உருண்டையாக நின்றது. முதலில் வாங்கிய அம்மாள் ஒரு வாய் தின்றுவிட்டு, நாலு மணிக்குக் குடிக்கக் கொடுத்தீர்களே, அது தீர்ந்துவிட்டதா என்று கேட்டார். அவருக்குப் பின்னால் நின்றவரும் அதையே கேட்டார். நான் அடுத்த உருண்டையை அள்ளப் போனேன், பதில் சொன்னால் மரியாதையாக வந்திருக்காது.

எட்டு மணிக்குக் கடையைச் சாத்திவிட்டு நாற்காலிகளைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தோம், இழுக்கத்தான் கூடாதே. நானூறு கிராம் சண்டை இன்னும் ஓயவில்லை. கிண்ணம் கழுவிக்கொண்டே மாமியார் குத்திக் காட்டுவதும், பெருக்கிக்கொண்டே நாத்தனார் ஒத்து ஊதுவதுமாக நடந்துகொண்டிருந்தது. மாமனார் கையிலிருந்த நாற்காலியைக் கீழே வைத்தார். பிறகு என் பக்கத்தில் வந்தார்.

"நானாத்தான் இருக்கும்மா. ரெண்டாவது தடவை போயிருப்பேன், ஞாபகம் இல்ல. இனிமே அந்த ரூமுக்குள்ள நான் வர மாட்டேன். ஆனா என் பேச்சையும் நீ நம்பாத. எங்களை நம்பி வேலைய விட்டுடாத. நாளைக்குக் காலைல கெளம்பிப் போ."

அந்த வீட்டில் யாரும் என்னிடம் இவ்வளவு நியாயமாகப் பேசியதில்லை. எனக்கு வேண்டியதெல்லாம் அந்த ஒரு வாக்கியத்தில் இருந்தது. கண்ணைத் துடைத்துக்கொண்டு சரி மாமா என்று சொல்லியிருந்தால், நான் உத்தமி, அவர்கள் நாலு பேரும் குற்றவாளிகள். கதை அத்தோடு முடிந்திருக்கும்.

சனிக்கிழமை சாயங்காலத்தைப் பற்றி இதுவரை ஒன்றை நான் சொல்லவில்லை. கலவையைக் குளிர்த்தொட்டியில் ஊற்றியதும் ஒரு கரண்டி எடுத்து வாயில் விட்டேன். குளிர்ந்த பண்டத்தில் இனிப்பு நாக்குக்குக் கம்மியாகத்தான் தெரியும், ஆய்வுக்கூடத்தில் முதல் நாள் சொல்லிக்கொடுக்கிற பாடம் அது. தெரிந்தும், கம்மியாக இருக்கிறதோ என்று நினைத்தேன். ஏழு கிலோதானா என்று கேட்ட குரல் காதிலேயே இருந்தது. கை மூட்டைக்குள் போயிற்று. தராசு ஓர் அடி தள்ளி இருந்தது, அதன் பக்கம் திரும்பக்கூட இல்லை. இரண்டு கை அள்ளிப் போட்டேன். போட்டபோது எனக்கு எவ்வளவு சந்தோஷமாக இருந்தது என்பதைச் சொன்னால்தான் இது முழு உண்மை. பன்னிரண்டு வருடத்தில் எந்தக் கோட்டையும் பார்க்காமல் என் கை செய்த முதல் வேலை அது. ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் நாலு பேரையும் தராசின் முன்னால் நிறுத்தியபோதே எனக்குக் கணக்கு தெரியும். தெரிந்துகொண்டேதான் அந்த மனிதரைத் திட்டு வாங்க விட்டேன். வெட்கமாக இருந்தது, ஆனாலும் சொல்லிவிட்டேன்.

"அது நீங்க இல்ல மாமா. அந்த நானூறு கிராம் நான் ரெண்டு கை அள்ளிப் போட்டது. மொதல்ல போட்டதே நான்தான்."

துடைப்பம் நின்றது. குழாய்த் தண்ணீர் மட்டும் ஓடிக்கொண்டிருந்தது. என் வீட்டுக்காரர் திருதிருவென்று விழித்தார். நாத்தனார் சிரிக்கப் பார்த்து, யாரும் சிரிக்காததால் அடக்கிக்கொண்டாள். மாமியார் குழாயை மூடிவிட்டு, கையைப் புடவையில் துடைத்தபடி என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"ரெண்டு கைதானே போட்டே. அதான் எங்களுக்கெல்லாம் கம்மியாத் தெரிஞ்சிருக்கு."

திங்கட்கிழமை எட்டு மணி பத்து நிமிடத்துக்கு ஆய்வுக்கூட மேலாளர் போன் செய்தார். என் நாற்காலி காலியாக இருக்கிறதாம், இரண்டு வண்டி கையெழுத்துக்காக நிற்கிறதாம். ராஜினாமாக் கடிதம் இன்றைக்கே வரும் என்றேன். சம்பளம் காரணமா, யாராவது ஏதாவது சொன்னார்களா என்று கேட்டார். இல்லை, எடை போடாமல் கலவையில் சர்க்கரை அள்ளிப் போட்டுவிட்டேன் என்றேன். எவ்வளவு என்றார். நானூறு கிராம் என்றேன்.

"அவ்வளவுதானே?" என்றார்.

"அவ்வளவுதான் சார். இன்னிக்கும் போடுவேன்."